வாய்ஸ்மெயிலே கேட்காதவருடைய வாட்ஸ்அப், வாய்ஸ்மெயில் வழியாகப் பறிபோகுமா?

நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். பிரிட்டனில் இருக்கிறீர்கள். ஊருக்குப் பேச மலிவாக இருக்கிறதென்று வாங்கிய சிம். போன வாரம் ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் வாட்ஸ்அப் உங்களை வெளியே தள்ளியிருந்தது, அதற்குள் உங்கள் பெயரில் சொந்தக்காரர்கள் நான்கு பேரிடம் அவசரமாகப் பணம் கேட்டு மெசேஜ் போயிருக்கிறது, ஒருவர் அனுப்பியும் விட்டார். போன் இரவு முழுக்கத் தலைமாட்டில் சார்ஜில்தான் கிடந்தது, சைலண்டில். 2:10-க்கு வாட்ஸ்அப்பைப் புதிதாகப் பதியக் கேட்கும் ஆறு இலக்கக் கோடு ஒன்று எஸ்எம்எஸ்ஸில் வந்திருக்கிறது, அடுத்த கால் மணி நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து மூன்று மிஸ்டு கால். கோடை யாருக்கும் சொல்லவில்லை, எந்த லிங்க்கையும் தொடவில்லை. போன் கடைக்காரர் "வாய்ஸ்மெயில் வழியாப் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டார், நீங்களோ வாழ்நாளில் வாய்ஸ்மெயில், அதாவது எடுக்காத காலில் அழைத்தவர் பேசி விட்டுப்போகும் செய்தி, கேட்டதே கிடையாது. ஆக உங்கள் கேள்வி பின் நம்பர் எப்படி மாற்றுவது என்பதல்ல. நான் தொடவே தொடாத ஒன்றின் வழியாக ஒருவன் எப்படி உள்ளே வர முடியும் என்பதுதான்.

முடியும். சொல்லப்போனால் தொடாதவர்களிடம்தான் வேலை சுலபம், அவர்கள் பின் வைத்திருக்க மாட்டார்கள், பெட்டிக்குள் என்ன விழுகிறது என்றும் பார்க்க மாட்டார்கள். கடைக்காரர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அதுவேதான் நடந்தது என்று அடித்துச் சொல்ல முடியுமா என்பது வேறு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் முதலில் வளைகுடாவில் ஒரு மொபைல் நிறுவனத்திலும் பிறகு பிரிட்டனில் இன்னொன்றிலுமாகப் பதினாறு வருடம் வாய்ஸ்மெயில் சர்வர்களையும், "ஒன்றை அழுத்தவும்" என்று பேசும் ஐவிஆர் சர்வர்களையும் பார்த்துக்கொண்டவன். போலீஸ்காரன் இல்லை, வக்கீல் இல்லை. ஒரு கால் எங்கே கிளம்பி எங்கே திருப்பிவிடப்பட்டு எங்கே போய் விழுகிறது என்பதைப் பார்த்தே தலை நரைத்தவன், அவ்வளவுதான்.

வாய்ஸ்மெயில் உங்கள் போனில் இல்லை. குழப்பத்தில் பாதி இங்கேதான். அந்தக் காலத்து ஆன்சரிங் மெஷின் வீட்டு ஹாலில் கேசட்டோடு கண்ணெதிரே இருந்தது. மொபைல் வாய்ஸ்மெயில் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும் ஒரு பெட்டி, சிம் உயிர்பெறும்போதே பெரும்பாலும் அதுவும் உங்கள் எண்ணுக்கு ஒதுக்கப்பட்டுவிடும், நீங்கள் கேட்டாலும் சரி கேட்காவிட்டாலும் சரி. உங்கள் எண்ணைப் பற்றி நெட்வொர்க் வைத்திருக்கும் பதிவேட்டில் மூன்று உத்தரவுகள் எழுதியிருக்கும்: எடுக்காவிட்டால் பெட்டிக்கு அனுப்பு, லைன் பிசியாக இருந்தால் அனுப்பு, டவரில் ஆளே இல்லாவிட்டால் அனுப்பு. இதை நடத்துவது நெட்வொர்க், உங்கள் போன் அல்ல. போன் அணைந்து கிடந்தாலும், கிணற்றில் விழுந்து கிடந்தாலும் இது நடக்கும். நம்பிக்கை இல்லையென்றால் *#61# என்று அழுத்தி டயல் பட்டனைத் தொடுங்கள், எடுக்காத கால் எந்த எண்ணுக்குத் திருப்பப்படுகிறது என்று பெரும்பாலான நெட்வொர்க்கில் திரையில் வரும். எத்தனை வினாடி கழித்து என்பதும் சில போன்களில் வரும். ஐந்து ஐந்தாகக் கூடும், முப்பதைத் தாண்டாது. அந்தச் சில வினாடிகள் நீங்கள் தூங்கினால் போதும்.

சரி, பெட்டி அவர்களுடைய கட்டடத்தில் பத்திரமாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். பெட்டிக்கு இரண்டு வாசல். ஒன்று உங்கள் போனிலிருந்தே அழைப்பது. அழைத்தது உங்கள் எண்தான் என்று தெரிந்தால் சர்வர் பின் கேட்காமல் நேராக "புதிய செய்தி இத்தனை" என்று வாசிக்கத் தொடங்கிவிடும், வாடிக்கையாளருக்கு வசதி. இன்னொன்று வேறு போனிலிருந்து அழைப்பது, வெளியூர் போனவர் ஓட்டல் போனிலிருந்து கேட்க வேண்டும் என்று வைத்த வாசல். இது மொபைலுக்காக வந்ததும் அல்ல. அமெரிக்காவில் கார்டன் மேத்யூஸ் என்பவர் 1979-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1983-இல் வாங்கிய வாய்ஸ்மெயில் முறை அலுவலகங்களுக்கானது, மேனேஜர் எங்கிருந்தாலும் தன் பெட்டியைக் கேட்க வேண்டும் என்பதே அதன் பெருமை. எந்தப் போனிலும் எண்ணுக்குப் பத்துப் பொத்தான்தான் என்பதால் பூட்டும் நான்கு எண்களாகவே நின்றுவிட்டது. நான்கு இலக்கம் என்றால் பத்தாயிரம் சாவி, கணக்குக்குப் பெரிதாகத் தெரியும். ஆனால் கசிந்த கடவுச்சொல் பட்டியல்களிலிருந்து நான்கு இலக்க எண்களை மட்டும் பிரித்து 2012-இல் ஒருவர் எண்ணிப் பார்த்தபோது 1234 மட்டுமே பத்து விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. அப்புறம் 1111, 0000, பிறந்த வருடம். மனித மனம் பத்தாயிரத்தில் சிலதையே திரும்பத் திரும்பப் பிடிக்கிறது.

முதல் வாசல் எவ்வளவு மெல்லியது என்று எனக்குப் புரிந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. வளைகுடா நிறுவனத்தில் ஒரு சாயங்காலம், லேபில் கால்களை இணைக்கும் டெஸ்ட் ஸ்விட்ச் ஒன்றை வைத்து வேறு எதையோ சோதித்துக்கொண்டிருந்தோம். அந்த ஸ்விட்சில் அழைப்பவர் எண் என்ற இடத்தில் நாம் தட்டுவதுதான் எதிர்முனைக்குப் போகும், யாரும் சரிபார்ப்பதில்லை. பக்கத்தில் இருந்த மலையாளி நண்பன் தன் எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொன்னான். போட்டேன், வாய்ஸ்மெயில் எண்ணை அழைத்தேன். பின் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் அவன் மனைவி குரல், வரும்போது தேங்காய் வாங்கிக்கொண்டு வா, போன தடவை மாதிரி மறக்காதே என்று. எல்லோரும் சிரித்தோம், அவனும் சிரித்தான், பிறகு அவன் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டான். மறுநாள் மேலே சொன்னோம். அது குறை அல்ல, வாடிக்கையாளர் வசதி, பின் கேட்டால் புகார் வரும் என்று பதில் வந்தது. புகார் வரும் என்பது பொய்யல்ல, பின் கட்டாயமாக்கிய இடங்களில் கால் சென்டருக்கு முதல் மாதம் தூக்கம் கிடையாது.

இப்போது பிரிட்டன் கதைக்கு வருகிறேன், நீங்கள் இருக்கும் ஊரிலேயே இது உலகத்துக்கே தெரிந்த வழக்கானது என்பதால். 2005 நவம்பரில் நியூஸ் ஆஃப் த வேர்ல்ட் என்ற ஞாயிறு பத்திரிகையில் இளவரசர் வில்லியமுக்கு முழங்காலில் அடி என்று ஒரு சின்னச் செய்தி வந்தது. அது தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான், அரண்மனைக்குச் சந்தேகம் வந்தது. போலீஸ் கிண்டிப் பார்த்ததில், அந்தப் பத்திரிகையில் அரச குடும்பச் செய்திகளைக் கவனித்த கிளைவ் குட்மேனும், தனியார் துப்பறிவாளர் கிளென் மல்கேரும் அரண்மனை ஊழியர்களின் வாய்ஸ்மெயில் பெட்டிகளுக்குத் திரும்பத் திரும்ப அழைத்திருந்தார்கள். 2006 ஆகஸ்டில் கைது, 2007 ஜனவரியில் குட்மேனுக்கு நான்கு மாதம், மல்கேருக்கு ஆறு மாதச் சிறை. ஒரே ஒரு கெட்ட நிருபர் செய்த வேலை என்று பத்திரிகை அதோடு மூடப் பார்த்தது. ஆனால் மல்கேரின் வீட்டிலிருந்து எடுத்த சுமார் 11,000 பக்கக் குறிப்புகள் போலீஸ் வசம்தான் இருந்தன, பெயர், எண், பின் என்று. ஆண்டுக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் சம்பளம் வாங்கியவர் ஒரே நிருபருக்காக அத்தனை பக்கம் எழுதியிருப்பாரா என்று யாராவது அன்றே கேட்டிருக்கலாம்.

அவர்கள் செய்ததில் மாயம் எதுவும் இல்லை, என் போன்ற ஆட்களுக்கு அதுதான் கூச்சமாக இருந்தது. இருவர் சேர்ந்து வேலை செய்வார்கள். ஒருவர் அழைத்து லைனைப் பிடித்து வைத்திருக்கும்போது இன்னொருவர் அழைப்பார், லைன் பிசி என்பதால் கால் நேரே பெட்டிக்குப் போகும், வரவேற்புக் குரல் ஓடும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் பின் கேட்கும். பின் என்பது நிறுவனம் எல்லோருக்கும் பொதுவாகப் போட்டுக் கொடுத்த எண், மாற்றியவர்கள் குறைவு. மாற்றியிருந்தால் மல்கேர் நிறுவனத்துக்கே போன் போட்டு, உள்ளே வேறு பிரிவில் வேலை பார்ப்பவர்போலப் பேசி, பழைய பொது எண்ணுக்கே மாற்ற வைப்பார். கால் சென்டரில் இருப்பவரும் மனிதர்தானே, மறுமுனையில் ஒருவர் துறை வார்த்தைகளில் சரளமாகப் பேசினால் உதவத்தான் தோன்றும். ஆக, "ஹேக்கிங்" என்று உலகம் பெயர் வைத்த இந்த விவகாரத்தில் கம்ப்யூட்டரை உடைக்கும் வேலையே இல்லை.

2009 ஜூலையில் கார்டியன் பத்திரிகை, தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் சங்கத் தலைவர் கார்டன் டெய்லருக்கு நியூஸ் ஆஃப் த வேர்ல்ட் நிறுவனம் ரகசியமாகப் பணம் கொடுத்து வழக்கை முடித்ததை வெளியிட்டது. 2011 ஜூலை 4-ஆம் தேதி வந்த செய்திதான் எல்லாவற்றையும் புரட்டியது. 2002-இல் காணாமல்போய்க் கொல்லப்பட்ட மில்லி டௌலர் என்ற 13 வயதுப் பெண்ணின் பெட்டியையும் கேட்டிருக்கிறார்கள். ஆறே நாளில், ஜூலை 10 அன்று, 168 வருடப் பத்திரிகை கடைசி இதழை அச்சடித்துவிட்டு மூடியது. பிறகு பத்திரிகைகளின் நடத்தை பற்றி நீதிபதி லெவிசன் நடத்திய விசாரணை, ஆசிரியராக இருந்த ஆண்டி கோல்சனுக்கு 2014-இல் 18 மாதச் சிறை, அவருக்கு முன் ஆசிரியராக இருந்த ரெபெக்கா புரூக்ஸ் விடுதலை. மிரர் பத்திரிகைகள்மீது போட்ட வழக்கில் இளவரசர் ஹாரிக்கு 140,600 பவுண்டு தரச் சொல்லி 2023 டிசம்பரில்கூடத் தீர்ப்பு வந்தது. நான்கு இலக்கப் பூட்டு இத்தனை வருடம் ஒரு நாட்டை ஆட்டியிருக்கிறது.

மில்லி விஷயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இன்றும் பலர் தவறாகச் சொல்கிறார்கள். பெட்டி நிரம்பி வழிந்தது, நிருபர்கள் சிலதை அழித்து இடம் பண்ணினார்கள், அதனால் அவள் உயிரோடுதான் இருக்கிறாள் என்று தாய்க்குப் பொய் நம்பிக்கை வந்தது என்பதுதான் ஜூலையில் வந்த செய்தி. அதே வருடம் டிசம்பரில் லெவிசன் விசாரணையில் போலீஸ் சொன்னது வேறு: கேட்டு முடித்த செய்திகள் 72 மணி நேரத்தில் தானாக நீங்கும்படி அந்தச் சர்வர் அமைக்கப்பட்டிருந்தது, தாய் அழைத்தபோது பெட்டி காலியாக இருந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பெட்டியைக் கேட்டார்கள் என்பது உறுதி. யாரோ கை வைத்து அழித்தார்கள் என்பது நிறுவப்படவில்லை. இதைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன், இரவு ஓடும் அந்தத் துப்புரவு ஸ்கிரிப்டை எங்கள் சர்வரிலும் நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். டிஸ்க் நிரம்பாமல் இருக்க வைக்கும் ஒரு வரி, எங்கோ ஒரு வீட்டில் இப்படியெல்லாம் அர்த்தமாகும் என்று யார் நினைப்பார்கள்.

சட்டத்திலும் ஒரு வேடிக்கை நடந்தது. உரியவர் ஏற்கனவே கேட்டுவிட்ட செய்தியை இன்னொருவன் கேட்டால் அது "இடைமறிப்பு" ஆகுமா, போய்ச் சேர்ந்த கடிதம் மாதிரிதானே என்று வாதாடினார்கள், போலீஸும் ஆரம்பத்தில் குறுகலாகவே பார்த்தது. 2013 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது, பெட்டியில் சேமித்து வைத்திருக்கும்வரை அது இன்னும் அனுப்புதலின் பகுதிதான் என்று.

இதெல்லாம் பெரிய மனிதர்களின் ரகசியம் கேட்ட காலம். உங்களையும் என்னையும் யார் கேட்கப்போகிறார்கள், பெட்டியில் இருப்பது தேங்காய்தானே என்று நானும் சும்மா இருந்தேன். மாறியது எங்கே என்றால், எஸ்எம்எஸ்ஸில் கோடு வராதவர்களுக்குக் கால் செய்து கோடை வாயால் வாசிக்கும் வசதியை வாட்ஸ்அப், டெலிகிராம் போன்றவை வைத்தபோது. நடு ராத்திரி, நீங்கள் தூங்குகிறீர்கள், ஒருவன் தன் போனில் உங்கள் எண்ணைப் போட்டு வாட்ஸ்அப்பைத் தொடங்குகிறான், எஸ்எம்எஸ் உங்களுக்கு வருகிறது, வரட்டும். "எனக்குக் கால் செய்" என்ற பொத்தானை அவன் அழுத்துகிறான். உங்கள் போன் சத்தமில்லாமல் மின்னி அணைகிறது, கால் பெட்டிக்குத் திரும்புகிறது, இயந்திரக் குரல் ஆறு எண்களையும் நிறுத்தி நிதானமாக இரண்டு மூன்று தடவை பெட்டிக்குள் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறது. எதிரில் மனிதர் இருக்கிறாரா மெஷின் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. இனி பெட்டிக்குள் போய் அந்தச் செய்தியைக் கேட்டால் போதும். இஸ்ரேலில் இப்படிப் பலருடைய கணக்குகள் போனதால் அந்நாட்டு இணையப் பாதுகாப்பு அமைப்பே 2018 அக்டோபரில் எச்சரிக்கை விட்டது, அங்கேயும் மாற்றாத பொது பின்தான் காரணம்.

அதே 2018 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் என்ற ஹேக்கர்கள் மாநாட்டில் மார்ட்டின் விகோ என்ற ஆய்வாளர் இதையே விரிவாகச் செய்து காட்டினார். அதில் ஒரு துணுக்கு எனக்கு மறக்காது. சில சேவைகள் உஷாராக, கோடைக் கேட்க ஒரு பொத்தானை அழுத்துங்கள் என்று சொல்லிக் காத்திருக்கும், வாய்ஸ்மெயிலால் பொத்தான் அழுத்த முடியாதல்லவா. அவர் என்ன செய்தார் என்றால், திறந்த பெட்டியின் வரவேற்புக் குரலையே அழித்துவிட்டு அந்த இடத்தில் பொத்தானின் ஒலியைப் பதிந்து வைத்தார். கால் வருகிறது, பெட்டி "வணக்கம்" சொல்வதற்குப் பதிலாகப் பீப் என்கிறது, எதிர்முனை அதைப் பொத்தான் என்று எடுத்துக்கொண்டு கோடை வாசித்துவிடுகிறது. பொத்தான் என்பது போன் லைனில் இரண்டு ஸ்வரம் சேர்ந்த ஒரு ஓசை மட்டுமே, அதை யார் எழுப்பினார்கள் என்பது லைனுக்குத் தெரியாது. முப்பது வருடமாக எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஆனால் இப்படி யோசிக்க ஒரு குறும்பு வேண்டும்.

பிரேசிலில் இது அரசியலையே தொட்டது. அப்போது முன்னாள் அதிபராக இருந்த லூலாவுக்கு 2017-இல் தண்டனை கொடுத்த நீதிபதி செர்ஜியோ மொரோ 2019-இல் நீதித்துறை அமைச்சராக இருந்தார். ஒரு நாள் அவருடைய போனில் அவருடைய சொந்த எண்ணிலிருந்தே கால் வந்தது. எண்ணைப் போலியாகக் காட்டும் இணைய கால் சேவையை வைத்து, பாதிக்கப்பட்டவரின் எண்ணிலிருந்து அவருடைய எண்ணுக்கே அழைத்து, பின் கேட்காத முதல் வாசல் வழியாகப் பெட்டிக்குள் போய், டெலிகிராம் கோடை எடுத்தார்கள். லேபில் நாங்கள் தேங்காய் கேட்டோமே, அதே வாசல். அரசு வழக்கறிஞர்களும் மொரோவும் பேசிக்கொண்டவை ஜூன் 9 முதல் வெளிவந்தன, ஜூலையில் நான்கு பேர் கைதானார்கள், சுமார் ஆயிரம் எண்கள் குறிவைக்கப்பட்டதாக அந்நாட்டுப் போலீஸ் சொன்னது. லூலா வழக்கில் மொரோ நடுநிலையாக இல்லை என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இனி உங்கள் விஷயம். உறுதியாகச் சொல்லக்கூடியது: 2:10-க்கு யாரோ உங்கள் எண்ணை வேறொரு போனில் வாட்ஸ்அப்பில் பதிய முயன்றிருக்கிறார்கள், எஸ்எம்எஸ்ஸே அதற்குச் சாட்சி. சிம் ஸ்வாப், அதாவது உங்கள் எண்ணை வேறொருவன் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்வது, இல்லை என்றும் ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம், அப்படி நடந்திருந்தால் உங்கள் சிம் செத்து, எஸ்எம்எஸ்ஸும் மிஸ்டு காலும் உங்களுக்கு வந்திருக்காது. எஸ்எம்எஸ்ஸுக்குப் பின்னால் வரிசையாக எடுக்காத கால்கள் என்பது வாய்ஸ்மெயில் வழிக்கு நன்றாகவே பொருந்துகிறது. உறுதியில்லாதது, கோடு பெட்டியிலிருந்துதான் எடுக்கப்பட்டதா என்பது. பிரிட்டனின் பெரிய நிறுவனங்கள் அந்தப் பத்திரிகை விவகாரத்துக்குப் பிறகு பொது பின்னை எடுத்துவிட்டன, நீங்களாகப் பின் வைக்காமல் வெளிப்போனிலிருந்து பெட்டிக்குள் போக முடியாது. மலிவு சிம் விற்கும் சிறு நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி, எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் உறுதி கொடுக்க முடியாது. போனில் உளவுச் செயலி ஏதாவது எஸ்எம்எஸ்ஸைப் படித்திருக்கவும் வாய்ப்புண்டு, ஆனால் அப்படியென்றால் மூன்று தடவை கால் செய்ய வேண்டிய அவசியம் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. நெட்வொர்க்குகள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் சிக்னலிங்கிலேயே புகுந்து எஸ்எம்எஸ்ஸைத் திருப்புவதும் நடந்திருக்கிறது, 2017-இல் ஜெர்மனியில் வங்கிக் கணக்குகள் அப்படிக் காலியாகின; சொந்தக்காரர்களிடம் பணம் கேட்கும் ஆள் அவ்வளவு மெனக்கெடமாட்டான்.

ஊகிப்பதை விட்டு நீங்களே பார்த்துவிடலாம். எதையும் மாற்றுவதற்கு முன், உங்கள் போனிலிருந்து வாய்ஸ்மெயிலை அழைத்து, புதியவை மட்டுமல்ல, கேட்டு முடித்தவை என்று பட்டியலில் இருப்பதையும் கேளுங்கள். அந்த ராத்திரித் தேதியில் எண்களை வாசிக்கும் ஒரு குரல், அதுவும் நீங்கள் கேட்காமலேயே "கேட்கப்பட்டது" என்ற அடையாளத்தோடு கிடந்தால், சந்தேகம் தீர்ந்தது. அழிக்காதீர்கள், இன்னொரு போனை வைத்துப் பதிவு செய்யுங்கள், நான் மேலே சொன்ன துப்புரவு ஸ்கிரிப்ட் உங்கள் நிறுவனத்திலும் ஓடிக்கொண்டிருக்கும். ஒருவேளை அதற்குள் ஓடியும் முடிந்திருக்கலாம், ஆகவே பெட்டி காலியாக இருந்தால் அது எதையும் நிரூபிக்காது. வரவேற்புக் குரலையும் ஒருமுறை கேட்டுப்பாருங்கள், பீப் சத்தம் மட்டும் வந்தால் எனக்கு உடனே எழுதுங்கள். அடுத்து, நண்பர் போனிலிருந்து உங்கள் எண்ணை அழைத்து, எடுக்காமல் பெட்டிக்கு விட்டு, குரல் ஓடும்போது நட்சத்திரம் அல்லது ஹேஷ் அழுத்துங்கள். பின் வைக்கவில்லை, அனுமதி இல்லை என்று சொன்னால் அந்த வாசல் மூடியிருந்தது. பின் கேட்டு, நீங்கள் வைக்காத ஏதோ ஒரு சுலப எண்ணை ஏற்றுக்கொண்டால், திறந்தே கிடந்திருக்கிறது.

வாட்ஸ்அப்பை மீட்க, உங்கள் போனிலேயே மறுபடி பதிந்து எஸ்எம்எஸ் கோடைப் போடுங்கள், அந்த நொடியே அவன் வெளியேறுவான். உங்களிடம் கோடுக்கு மேல் ஒரு ஆறு இலக்கப் பின்னும் கேட்டால், அவன் இருபடிச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டான் என்று அர்த்தம், ஏழு நாள் காத்திருந்தால் அந்தப் பின் இல்லாமலேயே நுழையலாம், அதுவரை அவனும் உள்ளே இருக்க முடியாது. உள்ளே வந்ததும் முதல் வேலை அதே இருபடிச் சரிபார்ப்பை நீங்கள் போடுவது, மின்னஞ்சலும் கொடுத்து. அது இருந்திருந்தால் பெட்டியிலிருந்து கோடை எடுத்தும் அவனுக்குப் பயனில்லாமல் போயிருக்கும்.

வாய்ஸ்மெயிலை என்ன செய்வது என்றால், கேட்பதே இல்லை என்பவருக்கு என் யோசனை மூடிவிடுவது. ##004# அழுத்தினால் அந்த மூன்று உத்தரவும் பதிவேட்டிலிருந்து நீங்கும், *#61# போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சில நிறுவனங்களில் இந்தக் கோடு வேலை செய்யாது, வேறு சிலவற்றில் சிம் அல்லது பிளான் மாற்றும்போது உத்தரவுகள் தாமாகத் திரும்ப வந்துவிடும். ஆகவே வாடிக்கையாளர் சேவையில் பேசிப் பெட்டியையே எடுக்கச் சொல்வதுதான் சுத்தம். மருத்துவமனை, பிள்ளைகளின் பள்ளி என்று வாய்ஸ்மெயிலில் பேசுபவர்கள் இருந்தால் மூட வேண்டாம், பின் வையுங்கள், பிறந்த வருடம் வேண்டாம், உங்கள் போனிலிருந்து அழைத்தாலும் பின் கேட்கும்படி அமைப்பு இருந்தால் அதையும் போடுங்கள். விஷுவல் வாய்ஸ்மெயில் இருக்கிறதே, செய்தி என் போனுக்கே வந்துவிடுகிறதே என்று கேட்பவர்களுக்கு: அது வேறொரு ஜன்னல் மட்டும், பெட்டி அங்கேதான் இருக்கிறது.

அம்மா இந்தியாவில் இருக்கிறார், அவருக்கும் இது நடக்குமா என்று கேட்டிருந்தீர்கள். அங்கே வாய்ஸ்மெயில் பழக்கமே ஒட்டவில்லை, எடுக்காவிட்டால் எடுக்கவில்லை என்று குரல் வந்து முடிந்துவிடும். ஆனால் பெட்டிக்கு அனுப்பும் அதே திருப்பிவிடும் உத்தரவை வைத்து அங்கே வேறு வழி பிடித்தார்கள். கூரியர் என்றோ டெலிகாம் ஊழியர் என்றோ பேசி, *401* போட்டு அதன் பின்னால் ஒரு பத்து இலக்க எண்ணை அழுத்தச் சொல்வார்கள். அழுத்தியவுடன் அவருக்கு வரும் எல்லாக் காலும் அந்த எண்ணுக்குப் போகும், கோடு வாசிக்கும் காலும்தான். தொலைத்தொடர்புத் துறை 2024 ஏப்ரல் 15 முதல் இப்படிக் கோடு அழுத்திக் காலைத் திருப்பும் வசதியை நிறுத்தச் சொன்னது. யார் கேட்டாலும் நட்சத்திரத்தில் தொடங்கும் எதையும் அழுத்த வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி வையுங்கள், காரணமெல்லாம் விளக்க வேண்டாம்.

பழைய உரையாடல்களைப் படித்திருப்பானா என்ற பயத்துக்கு: கோடை மட்டும் வைத்து நுழைந்தவனுக்குப் பழையது கிடைக்காது, அது உங்கள் போனிலும் கூகுள் அல்லது ஐகிளவுட் பேக்கப்பிலும் இருக்கிறது. எந்தக் குழுக்களில் இருக்கிறீர்கள் என்பதும், அந்த நேரத்தில் வந்த புது மெசேஜ்களும் அவன் கண்ணில் பட்டிருக்கும். அப்புறம் அந்தப் பணம் அனுப்பிய சொந்தக்காரர், அவர் பிரிட்டன் வங்கிக் கணக்கிலிருந்து பிரிட்டன் கணக்குக்குத்தான் அனுப்பினார் என்றால், இதைப் படிக்கும்போதே அவரை வங்கிக்குப் போன் போடச் சொல்லுங்கள். 2024 அக்டோபர் 7 முதல் இப்படி ஏமாந்து அனுப்பிய பணத்தை 85,000 பவுண்டுவரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது, சில விலக்குகளோடு. பதின்மூன்று மாதம் அவகாசம் இருந்தாலும், முதல் நாள் சொல்பவரைத்தான் எதிர்முனை கணக்கில் பணம் இருக்கும்போதே பிடிக்க முடியும்.